காற்றுக் குழாயில் ஒரு துணி

அந்தத் துணியைத் தான்தான் திணித்தோமா என்று சிரிலுக்கு இன்றுவரை உறுதியில்லை. இஞ்சினைப் பிரிக்கும் எவரும் செய்கிற காரியம்தான். தூசி விழாமலிருக்கத் திறந்த குழாய் வாயில் வேஸ்ட் துணியைச் சுருட்டி அடைப்பார்கள், மாட்டும்போது உருவிவிடுவார்கள். உருவியதாகத்தான் ஞாபகம். அடைத்ததாகத்தான் ஞாபகமில்லை.

கார் அவன் அண்ணன் எரிக்குடையது. போன வருட மழையில், பாலத்தடிச் சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் நின்றுபோய், கதவு திறக்காமல், எரிக் அதற்குள்ளேயே இறந்தான். மர்பி டவுனில் சிரிலின் ஷெட்டுக்கு வந்த வண்டியை அவன் மாதக்கணக்கில் பிரித்து, சேறு சுரண்டி, புது பிஸ்டன் போட்டு மாட்டியிருந்தான். எல்லாம் சரியாக இருந்தது. இஞ்சின் மட்டும் எடுக்கவில்லை.

"பெரிய மெக்கானிக்குன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறே. நாளைக்கு அவருக்கு வருஷப் பூசை. இதுலதான் கோயிலுக்குப் போவேன்னு சொன்னேனா இல்லியா?" என்றாள் எரிக்கின் மனைவி பிரிஸில்லா.

"ஆட்டோல போலாமே அண்ணி."

"ஆசையா வாங்குன வண்டிடா. அதையும் தண்ணியிலயே விட்டுடச் சொல்றியா?"

அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். "சரி, உள்ள உட்காந்து சாவியத் திருப்பி செல்ஃப் போடுங்க."

இந்த வருடம் மழையே இல்லை. வெயில் இறங்கிய ஷெட்டில் கிரீஸும் சூடேறிய தகரமும் மணத்தன. அவற்றுக்கு அடியில், எத்தனை கழுவியும் போகாத சேற்று வாடை மெல்ல எழுந்து தொண்டையில் படிந்தது. செல்ஃப் சுற்றியது. ஸ்பார்க் இருந்தது. பெட்ரோல் வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இஞ்சினுக்குள் யாரோ மூச்சை இழுத்து, பாதியில் அடக்கிக்கொள்வது போல ஒரு சத்தம்.

காற்று போகவில்லை.

காற்றுக் குழாயைக் கழற்றினான். துணி. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. பிடித்து இழுத்தான், வரவில்லை. இன்னும் இழுத்தான். உள்ளிருந்து பதிலுக்கு இழுத்தது.

காலை ஊன்றி, இரண்டு கையாலும் வெடுக்கென்று உருவினான்.

ஒரு சட்டைக் கை. நீலக் கட்டம், மணிக்கட்டில் பட்டன். எரிக் அன்றைக்குப் போட்டிருந்தது. பிணவறையில் கத்தரித்துக் கொடுத்ததைச் சிரில்தான் கொளுத்தினான்.

"அண்ணி, வேணாம். சாவியத் திருப்பாதீங்க."

அவள் திருப்பிவிட்டாள். இஞ்சின் எடுத்தது.

"எடுத்துடுச்சுடா!" சிரித்தாள்.

கண்ணாடிகள் தாமாக ஏறின. கதவுகள் பூட்டிக்கொண்டன. அவள் முழங்கால் மட்டத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது.

தண்ணீர்.

இடுப்பு. மார்பு. கண்ணாடியில் வளையல் குலுங்க அவள் உள்ளங்கைகள். ஸ்பானரால் அடித்தான். கீறல்கூட விழவில்லை. பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. கழுத்து. வாய்.

கையிலிருந்த துணியைத் திரும்பக் குழாயில் திணித்தான். அப்போதுதான் இஞ்சின் நின்றது.

கதவு திறந்தபோது இருக்கை காய்ந்திருந்தது. பிரிஸில்லா அசையவில்லை. நுரையீரல் நிறையத் தண்ணீர் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அவளை எரிக்குக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சிரில் தொழிலை விட்டுவிட்டான். ஷெட்டை விட்டு எங்கும் போவதில்லை. கார் அங்கேயே நிற்கிறது. தினமும் விடியும்போது அந்தத் துணி குழாயிலிருந்து கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. அவன் உள்ளே தள்ளுகிறான். இப்போதெல்லாம் உள்ளிருந்து இரண்டு கைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றில் வளையல் சத்தம் கேட்கிறது.