எங்கே என்று கேட்காத வீடுகள்

அன்று சாயங்காலம் ஆலங்குடியின் பழைய முந்திரிக் கிடங்கில் இருந்தவர்கள்: தொங்கும் வளையத்தில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அமிர்தவல்லி. உத்தரத்திலிருந்து இறங்கிய இரும்பு வளையங்களில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கிய மூன்று பெண்கள். முதல் வகுப்புக்கு வந்த தேவிப்ரியா.

மே மாதத்துத் தகரக் கூரை. மின்விசிறி ஓடவில்லை. தேவிப்ரியாவின் சுடிதார் நனைந்து முதுகில் ஒட்டியது. தொங்கிய மூவரின் கழுத்திலும் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு தேவிப்ரியாவுக்குத் தொப்பை குறையவில்லை. துபாயிலிருக்கும் கணவன் வீடியோ காலில் அதைச் சொல்லிச் சிரிப்பான். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருந்தாள். பால் கொடுக்கிற நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று அமிர்தவல்லியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"வீட்டுல எங்க போறேன்னு கேட்டாங்களா?" என்றாள் அமிர்தவல்லி.

"கெளம்புறப்ப அப்படிக் கேக்க மாட்டாங்கக்கா. போற காரியம் வெளங்காதும்பாங்க."

பக்கத்து வளையத்தில் தொங்கியவள் சிரித்தாள். சுகுணா என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். "எங்க வீட்டுலயுந்தான். இங்கிட்டு இருக்க யாரு வீட்டுலயும் கேக்கல."

காலியாக இருந்த வளையத்தில் சுற்றியிருந்த துணிநாடா, யாரோ இப்போதுதான் இறங்கிப்போனது போலக் கதகதப்பாக இருந்தது. முந்திரித் தோலின் காரமான எண்ணெய் நெடியோடு, வெகுநாள் சீவாத தலையின் சிக்கு வாடையும் கலந்து வர, தேவிப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அமிர்தவல்லி காட்டியபடி முழங்காலை மாட்டிக் கைகளை விட்டாள்.

"மொதல்ல தல சுத்தும்," என்றாள் சுகுணா. "அப்பறம் வீடே மறந்துரும்."

தலைகீழாகத் தெரிந்த தரையில் புழுதி படிந்திருந்தது. அதில் அவளுடைய காலடித் தடங்கள். அமிர்தவல்லியின் தடங்கள். மூன்று பெண்களுக்குக் கீழே புழுதி கலையவே இல்லை.

சுகுணாவின் முழங்காலைப் பார்த்தாள். மடிப்பில் இரும்பு தெரியவில்லை. வேலிக்கம்பியை மரப்பட்டை விழுங்கியிருப்பது போல, வளையத்தின் மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது.

தன் காலை நீட்டப் பார்த்தாள். நீளவில்லை. வளையத்தைப் பிடிக்கக் கையை உயர்த்தினாள். எட்டவில்லை. முழங்காலின் பின்புறம் மெதுவாக, வலியே இல்லாமல், ஏதோ ஒட்டியது.

"அக்கா, எறக்கி விடுங்க. புள்ள அழுவும்."

"அழுவும்," என்றாள் அமிர்தவல்லி. "அப்பறம் ஓஞ்சுரும்."

வெளியே கறம்பக்குடி பஸ் ஹாரன் அடித்துப் போனது. மார்பு கனத்தது. கெட்டியானது. பால் தானாகச் சுரந்து, சுடிதாரை நனைத்து, கழுத்து வழியாக மோவாய்க்கு வந்தது. கன்னம். கண். நெற்றி. புழுதியில் சொட்டியது.

மூன்று தலைகளும் அந்தப் பால் வாடைக்குத் திரும்பின.

அமிர்தவல்லி விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் இரும்புக் கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.