பம்பு அதிர்வு

வலது தோள்பட்டை காலையிலிருந்தே விண் விண் என்று தெறித்தது. இரும்பு தூக்கிப் பிழைப்பவனுக்கு வலி புதிதில்லை. ஆனால் இன்று அவன் சம்மட்டியைத் தொடவேயில்லை. அதற்குள் மடிக்கணினித் திரையில் கோடு ஆடிக்கொண்டிருந்தது.

விடுமுறை மத்தியானம். மேலே கட்டடம் காலி. கீழ்த்தளத்துக் கார் நிறுத்தத்தில் டியூப் லைட்டுகள் இரைய, ஈரச் சிமெண்டும் பழைய டீசலும் கலந்த வாடை தொண்டையில் படிந்தது. தளம் விரிசல் விடுகிறது, அடியில் என்ன இருக்கிறது பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். அதிர்வைப் பிடிக்கும் சென்சார்களைக் களிமண் வைத்துத் தரையில் வரிசையாக ஒட்டியிருந்தான். அவர்கள் பேச்சில் அவை 'காது'. இரும்புத் தகட்டில் இவன் சம்மட்டியால் அடிப்பான். அதிர்வு மண்ணுக்குள் இறங்கிக் காதுகளுக்குத் திரும்பி வரும். வரும் வேகத்தைப் பார்த்து, கீழே பாறையா பள்ளமா என்று மச்சான் சொல்வார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், இவனை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர். இப்போது போன் பேச மேலே போயிருந்தார்.

திரையில் முதல் காதின் கோடு ஆடி அடங்கியது. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. யாரோ வரிசையோடு நடந்து வருவதுபோல. திரும்பிப் பார்த்தான். தூண்களும் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன.

ஒரு கனமான எட்டு. பின்னாலேயே ஓர் அரை எட்டு, இழுத்துக்கொண்டு.

அந்த நடை அவனுக்குத் தெரியும். காதுகளைச் சோதிக்க ஒவ்வொருவராக நடக்கவிட்டு, திரையைப் பார்த்தே ஆளைச் சொல்வது அவர்கள் விளையாட்டு. தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும். அவன் தம்பி நடந்தால் மட்டும் யாரும் தோற்றதில்லை. சாரத்திலிருந்து விழுந்து ஒரு கால் குட்டையானவன். "ஒன்றரை வர்றான்டா" என்று கூட்டமே சிரிக்கும். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் அண்ணனான இவன்தான்.

இந்தக் கட்டடம் வருவதற்கு முன், இதே மண்ணுக்கடியில் தோண்டிய சுரங்கம் சரிந்தபோது தம்பி உள்ளே இருந்தான்.

சுரங்க ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. மேலிருந்து சம்மட்டியால் மூன்று அடி: யாராவது இருக்கிறீர்களா? உயிரோடிருப்பவன் கீழிருந்து பதிலுக்கு அதேபோல் மூன்று தட்டுவான். அது கேட்டுவிட்டால் மேலிருந்து ஐந்து அடி: கேட்டுவிட்டது, உட்கார், வருகிறோம். அந்த ஐந்தும் வராதவரை கீழே இருப்பவன் உட்காரமாட்டான். வழி தேடி நடந்துகொண்டே இருப்பான்.

அன்று இவன் தோள் கழலும்வரை மும்மூன்றாக அடித்தான். மச்சான் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தண்ணீர் இறைக்கும் பம்பு அதிர்கிறது, வேறொன்றுமில்லை என்றார். சுரங்கத்தில் கான்கிரீட்டை ஊற்றி நிரப்பினார்கள். அதன்மேல்தான் இந்தக் கட்டடம்.

கான்கிரீட்டுக்குள் நடக்க இடம் ஏது?

மச்சான் இறங்கி வந்தார். திரையைப் பார்த்தார். முகத்தில் வியப்பே இல்லை. அதுதான் இவனைக் குத்தியது.

"பம்பு, மாப்ள."

"பம்பு நின்ன எடத்துலதானே ஆடும் மச்சான். இது நடந்து வருது."

"அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சு. ரெண்டு நாள்ல தானா நின்னுரும்." ஆறுதல்போலச் சொன்னார். சொன்னபிறகுதான் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவருக்கே உறைத்தது.

அவராகவே காரணங்களை அடுக்கினார். தோண்டினால் மொத்தமும் சரிந்திருக்கும், கம்பெனி இரண்டு பேரையும் துரத்தியிருக்கும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்று. இவன் பார்வை அவரை விட்டு நகரவில்லை. அவர் ஒயரைப் பிடுங்கி, மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தங்கச்சிக்கும் தெரியும். உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னதே அவதான்."

அவர் செருப்புச் சத்தம் படியேறித் தேய்ந்தது.

சுரங்கம் சரிந்த அன்றிலிருந்து இரவுதோறும் இந்தத் தோளுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறாள் மனைவி. வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே.

திரை இல்லை. தேவையும் இல்லை. இப்போது உள்ளங்காலிலேயே தெரிந்தது. கனமாக ஒன்று. இழுத்து ஒன்று. தூணைத் தாண்டி. வரிசையின் கடைசிக் காதுக்கு. அதைச் சுற்றியிருந்த களிமண் வெடித்தது.

நின்றது.

நேராக அவனுக்குக் கீழே.

டியூப் லைட் இரைச்சல். அவன் மூச்சு. வேறில்லை.

தகடு எகிறியது. ஒன்று. சாய்த்து வைத்த சம்மட்டி சரிந்து விழுந்தது. இரண்டு. காம்பு உருண்டு அவன் காலைத் தொட்டது. மூன்று.

குனிந்து எடுத்தான். தோள் எழவில்லை.

தகட்டின் நடுவில், கீழிருந்து மேலாக, கைமுஷ்டி அளவுக்கு மூன்று புடைப்புகள்.

கீழே யாரோ காத்திருந்தார்கள்.

ஐந்து அடி. தம்பிக்கு அது இன்னும் பாக்கி.