மூன்று இழுப்பு

கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் பிரிண்டரின் நெட்வொர்க் விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் துணியால் துடைத்துப் பார்த்தாள். மினுக்கியது.

விடுமுறை நாளின் மதியம். ஜன்னலில்லாத அந்த அலுவலகத்தில் ஏசி நின்று இரண்டு நாளாகியிருந்தது. டோனர் பொடியும் பழைய கம்பளமும் கலந்த வாசம் தொண்டையில் ஒட்டியது. கேபிள் போட்ட மேசைகளிலிருந்து அனுப்பினால் தாள் வந்தது. வைஃபையில் அனுப்பினால் வரவில்லை. ஆனால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினி சொன்னது. எங்கே போய்ச் சேர்ந்தது? கூரைக்குள் எவரோ செருகிவிட்டுப் போன வைஃபை பெட்டி ஒன்று நடுவில் இருக்க வேண்டும் என்று கணித்து, ஒரு நீளக் கேபிளின் ஒரு நுனியைத் தம்பியிடம் கொடுத்து அவனை ஏணியில் ஏற்றினாள்.

"இருட்டுன்னா எனக்கு ஆகாதுன்னு தெரியும்ல, மேனேஜரம்மா?"

இரண்டே பேர் இருக்கும் நெட்வொர்க் ரிப்பேர் தொழிலில் அவளுக்கு அவன் கொடுத்த பதவி அது. அக்கா என்று கூப்பிட்டால் வாய் வலிக்குமாம்.

"நான் இந்த நுனியைப் பிடிச்சிட்டு இங்கயேதான் நிப்பேன். ஏறுடா, பயந்தாங்கொள்ளி."

கூரையின் தகரக் குழாய்களுக்கு நடுவே போன் எடுக்காது. அங்கே கேபிள்தான் அவர்கள் பேச்சு. ஒருமுறை இழுத்தால், 'இதுதானா?' இரண்டு என்றால், 'ஆமாம்.' மூன்று என்றால், 'என்னை வெளியே எடு.' மூன்றை இதுவரை இருவரும் இழுத்ததில்லை.

அவன் ஊர்ந்து போகும் சத்தம் கோடிச் சுவர்வரை கேட்டது. பிறகு சுவருக்கு அப்பாலும் கேட்டது. அப்பால் வெறும் தெருதான் என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

சத்தம் நின்றது.

போன் அடித்தது. அவன் எண், வைஃபை வழியாக வந்த அழைப்பு.

"அக்கா, நான் அந்தப் பக்கமா இறங்கிட்டேன். வண்டிகிட்ட நிக்கிறேன்."

"சொல்லிட்டு இறங்க மாட்டியா? உயிரே போயிடுச்சு."

கையிலிருந்த கேபிள் வெடுக்கென்று இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"டேய். அப்ப இங்க இழுக்கிறது யாரு?"

"உள்ள ஏதோ இருக்கு, அதனாலதான் இறங்கினேன். பிடிச்சிட்டிருந்தா அது உன்கிட்ட வந்துடும். வெட்டிடு, அக்கா."

ஒன்று இரண்டு மூன்று. மறுபடியும் மூன்று. கேபிள் விரல்களை அறுத்தது. விட்டால் அவன் போய்விடுவான். பிடித்தால் அது வந்துவிடும். எது எது? அவள் நெஞ்சு கூரையைப் பார்த்தது, காது போனில் இருந்தது. குரல் அவனுடையது. இழுப்புக்குக் குரல் இல்லை.

கட்டரை எடுத்தாள்.

வெட்டினாள்.

மேல்பாதி பாம்பு வளைக்குள் போவதுபோல் சர்ரென்று கூரை ஓட்டைக்குள் மறைந்தது. எங்கோ வெகு தூரத்தில் ஏதோ விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. அக்கா.

"டேய்," என்றாள் போனில். "என்னை எப்படிக் கூப்பிடுவ நீ?"

மறுமுனை யோசித்தது. எதையோ மென்று விழுங்கியது.

"இப்ப பிரிண்ட் வரும் பாருங்க, மேனேஜரம்மா."

பிரிண்டர் உறுமியது. தாள்கள் வந்தன. முழுக் கறுப்பாக. சூடாக. ஒன்றன்மேல் ஒன்றாக.

அவள் உள்ளங்கையில் மீந்திருந்தது ஒரு முழத் துண்டு. இரு நுனியும் வெறுமையில் தொங்கின.

அது இழுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று.