கேள்வி இல்லை

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில்தான் அவள் அந்த அறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தாள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பின்கட்டு. மாடிப்படிக்கு அடியில் வளைந்து போகும் நடை, அதன் கடைசியில் பெயிண்ட் உரிந்த ஒரு கதவு. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக நீதிமன்றமே நியமிக்கும் வக்கீல்களுக்கு ஒதுக்கிய இடம். ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

"பழைய ரிக்கார்டு ரூமு. எலி இருக்கும். பயப்படுவீங்களா வக்கீலம்மா?" என்றார் வழிகாட்டி வந்த கோர்ட் டவாலி.

"எலிக்கு இங்க என்ன வேலை?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரை விட ரெகுலரா வரும்."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. அப்புறம் மழை மட்டும்.

அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கைதூக்கிவிட சீனியர் இல்லை, சிபாரிசுக்கு மாமா மச்சான் இல்லை. போட்டிருந்த கறுப்பு அங்கிகூட யாரோ போட்டுக் கழித்தது. கழுத்துப் பட்டியில் பழைய மைக்கறை. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வழக்குக் கட்டைப் பிரித்தாள்.

காசுள்ளவன் வக்கீலை எதிரே உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்வான். காசில்லாதவனுக்குக் காகிதம்தான் பேச வேண்டும். கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியத்தைப் படித்து, குறை கண்டுபிடித்து, எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தீர்ந்தது. ஜெயிலுக்குப் போய் ஆளைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. யாரும் போவதில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்த ஒரு பெண். மேற்பார்வையாளர் கொதிநீர்த் தொட்டியில் செத்துக் கிடந்தார். கதவு பூட்டியிருந்தது. சாவி எப்போதும் அந்தப் பெண்ணின் பொறுப்பு. ஆகவே அவள்தான் தள்ளினாள் என்று முடிவு கட்டி ஆயுள் தண்டனை. சாட்சிகள் வரிசையாக வந்து போயிருந்தார்கள். அவளுக்கென்று வைத்த வக்கீல் ஒவ்வொருவரிடமும் சொன்னது ஒன்றே.

கேள்வி இல்லை.

கேள்வி இல்லை.

கேள்வி இல்லை.

"வாயில என்னடா வெச்சிருந்த?" என்று காகிதத்தைப் பார்த்தே திட்டினாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி. அதற்கடியில் காயாத துணியின் முடை. கூடவே, கனத்த போர்வையை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் ஓர் இழுவைச் சத்தம். சொட்டு. சொட்டு. நிமிர்ந்து பார்த்தாள். கூரை காய்ந்துதான் இருந்தது.

மனசுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு ஜெயிலுக்குப் போன் போட்டாள். தன் கட்சிக்காரரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"அந்தம்மாவா?" மறுமுனையில் ஒரு பெண் வார்டன். "அவங்க போய்ச் சேர்ந்து வாரக்கணக்காச்சே. நெஞ்சுல சளி கட்டி. கோர்ட்டுக்குச் சொல்லியாச்சே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இல்ல. யாரு வந்து உடம்ப வாங்கினா?"

"யாரும் வரல. நாங்களே பாத்துட்டோம்."

போனை வைத்தாள். தண்டனை பெற்றவர் செத்தால் அப்பீலும் செத்தது. நெருங்கிய உறவு யாராவது வந்து நான் நடத்துகிறேன் என்றால்தான் உண்டு. இல்லாவிட்டால் கொலைகாரி என்ற பெயர் அப்படியே நின்றுவிடும், எந்தக் காலத்திலும் யாரும் அழிக்க முடியாமல்.

கரண்ட் போனது.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

"சொல்லிடாதீங்க."

தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரு கிசுகிசுப்பு.

"நான் செத்துட்டேன்னு சொல்லிடாதீங்க. கேஸை மூடிருவாங்க."

எழுந்து ஓடச் சொன்னது உடம்பு. ஆனால் அந்தப் பக்கங்கள் மூட்டிய ஆத்திரம் பயத்துக்கு முன்னால் வாயைத் திறந்தது.

"சாவி... சாவிய யார்கிட்ட குடுத்தீங்க?"

சொட்டுச் சத்தம் நின்றது.

"அவர்கிட்டயேதான் கண்ணு." குரல் உடைந்தது. "நான் பூட்டிக்கிறேன், நீ கிளம்புன்னாரு. கிளம்பிட்டேன். இத்தனை வருஷத்துல இத ஒருத்தரும் கேக்கல."

இருட்டுக்குள் ஒரு மூச்சு. இன்னும் கிட்டே.

"உனக்கும் யாரும் இல்லையா? இப்படித் தனியா உக்காந்திருக்கியே."

மேசைமேல் இருந்த அவள் கையை ஒரு கை மூடியது. ஜில்லென்று, ஊறிச் சுருங்கிய விரல்கள்.

அங்கியை விட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் அந்த நடைப் பக்கமே திரும்பவில்லை. இன்னொரு வக்கீலிடம் அங்கி இரவல் வாங்கிக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போனாள். வழக்கைக் கூப்பிட்டதும் அரசு வக்கீல் எழுந்து, அந்தப் பெண் இறந்துவிட்டாள், அப்பீலை முடித்துவிடலாம் என்றார். யாருக்கும் முகம்கூட மாறவில்லை.

"நெருங்கின சொந்தம் யாராவது இருக்காங்களா?" நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார்.

இல்லை என்பதுதான் உண்மை. இல்லை என்று சொன்னால் அவளும் அந்தக் 'கேள்வி இல்லை' வக்கீலும் ஒன்று.

"இருக்காங்க."

"யாரு?"

"பொண்ணு." எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியவில்லை. "கூட்டிட்டு வர டைம் வேணும்."

பேனா கீழே இறங்கியது. வாய்தா கிடைத்தது.

வெளியே வந்தவளை டவாலி வழிமறித்தார்.

"என்ன வக்கீலம்மா, அம்மா வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நிக்கிறாங்க. துண்டு குடுத்தா வேணாங்கிறாங்க. எம்பொண்ணு வரட்டும்னு உங்க ரூம்லதான் உக்காந்திருக்காங்க."

மழை காலையிலேயே விட்டிருந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எங்கம்மா இருக்க?"

"வீட்லதான். நான் எங்கடி போகப்போறேன்? சாப்பிட்டியா?"

நடையின் கடைசியில் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் கம்பியில் அவளுடைய அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. அலசி, பிழிந்து, சுருக்கம் நீவி. தொட்டாள். கொதிநீரில் முக்கியெடுத்த சூடு இன்னும் ஆறவில்லை.

மைக்கறை இல்லை.

எதிரே கிடந்த நாற்காலி இப்போது எதிரே இல்லை. அவள் நாற்காலியோடு ஒட்டிப் போட்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.