கொய்வான் எறிந்த மிச்சம்

சுவரில் இருந்த மூன்று விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக 'இல்லை' காட்டின. பசியா? இல்லை. ஈரமா? இல்லை. தூக்கமா? இல்லை. கீழே தொட்டிலில் பாப்பாவோ உள்நாக்குத் தெரிய அழுதுகொண்டிருந்தாள். லூர்து சுவரைப் பார்த்தான், பாப்பாவைப் பார்த்தான், மறுபடியும் சுவரைத்தான் நம்பினான்.

தூத்துக்குடிக்கு எதிரே கடலில் தூண் நட்டு எழுப்பிய அந்த மிதப்பூரில் குழந்தை அழுகை ஒரு நிமிஷத்துக்கு மேல் கேட்காது. அழுமொழிப் பெட்டி வந்து பழகியதில் இருந்தே அப்படித்தான். பிள்ளை ஒரு தடவை வீறிட்டால் போதும், குரலையும் நாடியையும் வியர்வையையும் சேர்த்துப் பிடித்து, அந்த அழுகைக்குள் என்னென்ன உண்டோ அத்தனையையும் பெட்டி பதிலாகக் கொட்டிவிடும். பதில் என்றால் ஒரு வரி இரண்டு வரி அல்ல. அறைக்குள் அறை, அதற்குள் இன்னொரு குட்டி அறை. வயிற்றில் எவ்வளவு காற்று, இடது காலுறை எவ்வளவு இறுக்கம், சன்னல் வெளிச்சத்தின் மேல் எவ்வளவு கோபம் என்று போய்க்கொண்டே இருக்கும். பெட்டி வந்த புதிதில், பெற்றவர்கள் இதை வாசித்து முடிப்பதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியே போனது.

அதற்குத்தான் கொய்வான். எந்த அறையில் உள்ளது வேண்டும் என்று பெயர் சொல்லிவிட்டால், அதை மட்டும் கொய்து கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கடாசிவிடும். ஊர் முழுக்க ஓடும் கொய்வான்களுக்குக் கட்டளை எழுதுவதுதான் லூர்துவின் வேலை. கப்பல் 'வானிலை என்ன' என்று கேட்டால் மலையளவு பதில் வரும். அதில் காற்றையும் அலையையும் மட்டும் மாலுமிக்குப் பொறுக்கிக் கொடுப்பான். சும்மா சொல்லக்கூடாது, அதில் அவன் கெட்டிக்காரன்தான். வீட்டிலும் பாப்பாவுக்கு அவனே எழுதினான்: பசி, ஈரம், தூக்கம். மனுஷப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும் என்பது அவன் கட்சி.

ஆனால் நாலைந்து நாளாகச் சாயங்காலமானால் இந்தக் கூத்து. அதுவும் எப்போது? அவன் மனைவி அமலி வரும் திங்கள்கிழமை கடலடி மின்நிலையத்துக்கு இறங்கப்போகிற நேரத்தில். மூன்று மாதத்துக்கு வால்வுப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. பாப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் ஆசைப்பட்ட வேலை. இப்போது வேண்டாம் என்றால் இன்னொருத்தருக்குப் போய்விடும், பிறகு எப்போது கிடைக்குமோ. அவள் பயணப் பெட்டியில் அடுக்கிய துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்ததை லூர்து பார்த்தான். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

பக்கத்து வீட்டு சலேத்து அக்கா அழுகைச் சத்தம் கேட்டு ஓமத்தண்ணீரோடு வந்துவிட்டார். அழுமொழிப் பெட்டி வந்த பிறகு பிள்ளைக்கு வைத்தியம் சொல்லும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை, அதனால் முகமெல்லாம் மலர்ச்சி. வயிற்று வலி என்றார். ஓமத்தண்ணீர் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. பல் முளைக்கிறது என்றார். ஈறில் விரல் வைத்துக் கடி வாங்கிக்கொண்டார். கடைசியில் பேச்சு தன் கணவரிடம் போய் நின்றது, எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கும். கஸ்பார் அண்ணனுக்குப் பல வருஷமாகக் கடலடியில் வேலை.

"இந்தப் பிள்ளைக்கு இருக்க தொண்டை எங்க வீட்டு மனுசனுக்கு இல்லியே. சாயங்காலம் ஆனா 'நலம், வேலை நடக்குது, இன்ன தேதி வாறேன்', அவ்வளவுதான். மரக்கட்டை."

கடலுக்கு அடியில் அழுத்தம் அதிகம், போகிறவர்களுக்குப் பேச்சு குறைந்துவிடும் என்பது மிதப்பூரில் எல்லோரும் நம்பிய விஷயம். லீவில் வரும் கஸ்பார் அண்ணனும் அக்காவிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, அக்காவும் கேட்டதில்லை.

அக்கா போன பிறகு அமலி சுவரின் முன்னால் வந்து நின்றாள். வால்வுக்காரி, எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள்.

"ஏங்க, பெட்டி 'இல்ல'ன்னு சொல்லுதா, இல்ல ஒண்ணுமே சொல்லலியா?"

லூர்துவுக்குச் சுருக்கென்றது. அறைகளைத் திறந்து பார்த்தான். போன வாரம் பாப்பாவுக்கு ஆறு மாதம் ஆனதும் பெட்டி தானாகவே அறைகளின் பெயரையெல்லாம் மாற்றி அடுக்கியிருந்தது. 'பசி' என்று வெளியே தனி அறையே இப்போது இல்லை. கேட்ட அறை காணவில்லை என்றால் 'இல்லை' என்று காட்டு என அவசரத்தில் எழுதியவன் அவனேதான். காணோம் என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? துறைமுகத்தில் இப்படி எழுதியிருந்தால் புயலையே இல்லை என்றிருக்கும். நல்லவேளை, அங்கே அவன் ஒழுங்காக எழுதியிருந்தான்.

"கப்பலுக்குப் பாத்துப் பாத்து எழுதுவிய. பெத்த பிள்ளைக்கு அள்ளித் தெளிச்ச கோலம்," என்றாள் அமலி.

கொய்வானைக் கழற்றிவிட்டார்கள். பாப்பாவின் அழுகை முழுசாகச் சுவரில் வழிந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் அறையாக வாசித்தார்கள். பசி உண்மையிலேயே இல்லை. ஈரமும் இல்லை. காலுறையின் மேல் லேசான அதிருப்தி, அவ்வளவுதான். ஆழத்தில், 'எதிர்பார்ப்பு' என்ற அறைக்குள் ஒரு குட்டி அறை மட்டும் பழுக்கச் சிவந்திருந்தது: 'சாயங்காலச் சத்தம்'. அதைத் தட்டினால், பாப்பா மனசில் வைத்திருந்த சத்தத்தையே பெட்டி எடுத்துப் போட்டது.

அவர்களுடைய சண்டை. மீன் யார் கழுவுவது என்று தினமும் சாயங்காலம் நடக்கும் சண்டை.

பிரியப்போகிறோமே என்று நாலைந்து நாளாக இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். நீ உட்காரு நான் கழுவுகிறேன், இல்லை நீங்கள் உட்காருங்கள். வீடே அமைதி. அந்த அமைதியைத்தான் பாப்பாவால் தாங்கமுடியவில்லை. பெட்டி இன்னும் ஒரு வரி காட்டியது. கேட்டதில் இருந்து பாப்பா எதை எடுத்துக்கொண்டாள் என்ற கணக்கு அது. சொற்கள்: தள்ளப்பட்டன. காரணம்: தள்ளப்பட்டது. யார் ஜெயித்தது: தள்ளப்பட்டது. வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, சண்டை முற்றும்போது அடக்கமாட்டாமல் அமலி மூக்கால் விடும் அந்தச் சிரிப்பு.

"பாத்தியளா? உங்கள விட பெரிய ஆளு. நீங்க மூணு கொய்யுதிய, இவ ஒண்ணுதான்," என்று சொல்லி அமலி மூக்கால் சிரித்தாள். அழுகை பாதியில் நின்றது.

எடுத்து வைத்த துணியெல்லாம் திரும்பப் பெட்டிக்குள் போனது. தினமும் கடலடியில் இருந்தே சண்டை போடுகிறேன் என்று அவள் சொன்னபோது லூர்துவும் சேர்ந்து சிரித்தான். சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். கடலடித் தொடர்பிலும் ஒரு கொய்வான் உண்டு. அந்தக் காலத்தில் கம்பி மெலிசு, அதனால் நலம், வேலை, வரும் நாள் இவற்றை மட்டும் கொய்து, மிச்சத்தை எறிந்துவிடும்படி கட்டளை எழுதியிருந்தது. பிறகு கம்பியைத் தடிமனாக மாற்றினார்கள். கட்டளையை யாரும் தொடவில்லை. எழுதிய ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"அமலி," என்றான் மெதுவாக, "கஸ்பார் அண்ணன் மரக்கட்டை இல்ல."

தொடர்பு நிலைய அதிகாரி முதலில் முனகினார். அதிகப்படி பேச்சால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். ஒரு வாரம் கொய்வான் இல்லாமல் சோதனை என்று லூர்து கெஞ்சி அனுமதி வாங்கினான்.

திங்கள் சாயங்காலம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சுவரின் முன்னால் உட்கார்ந்தான். மணி அடித்தது. அமலி நலம் என்று சொல்லவே இல்லை. எடுத்த எடுப்பில், தன் பெட்டியில் சோப்புக்குப் பதிலாகப் பாப்பாவின் கிலுகிலுப்பையை வைத்த புத்திசாலி யார் என்று கேட்டாள். அடுக்கினது நீதானே என்றான் அவன். அடுக்கினதைக் கலைச்சது யாரு என்றாள் அவள். அப்படியே வளர்ந்து, கடலுக்கு அடியில் இருந்து அந்த மூக்குச் சிரிப்பு வந்தது. பாப்பா ஒரு முறை காலை உதைத்துக்கொண்டு, பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். சுவரில், அவன் திருத்தி எழுதி மறுபடி மாட்டிய கொய்வானின் மூன்று விளக்குகளும் இல்லை, இல்லை, இல்லை என்றன. இந்த முறை அது நிஜமான 'இல்லை'.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி ஓர் ஆண்குரல் இடி மாதிரி கேட்டது.

"ஏட்டி சலேத்து, இத்தன வருசமா நானும் தெனம் கேக்கேன், ஒத்தக் கேள்விக்காவது பதில் சொன்னியாட்டி நீ?"

உடனே சலேத்து அக்கா தொடங்கினார். எதிர்வீட்டில் யாரோ தொடங்கினார்கள், அதற்கடுத்த வீட்டிலும். குழந்தை அழுகைகூடக் கேட்காத மிதப்பூர் முழுக்க, கடலடியோடு ஒரே சண்டை. குழம்பில் உப்பு இல்லையாம், தலையணை சரியில்லையாம், அன்றைக்கு அனுப்பிய பலகாரம் நல்லாயிருந்தது என்று தான் சொன்னதை யாரும் மதிக்கவில்லையாம்.

ஒரு வாரம் முடிந்து, சோதனையை நிறுத்தலாமா என்று கேட்க அதிகாரியை அழைத்தான் லூர்து. அவர் எடுக்கவில்லை, வேறு யாரோதான் எடுத்தார்கள். அதிகாரியின் தம்பி கடலடியில் இருக்கிறானாம், பேச்சு இன்னும் முடியவில்லையாம்.

வீட்டு வாசலில் சலேத்து அக்கா வறுத்த சீலா மீன் தட்டோடு நின்றார். பழைய கட்டளையை எழுதியவன் யார் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, மறுகையால் காதைப் பிடித்துத் திருகினார்.

"மீன் நீ செஞ்சதுக்கு. காது நீ செஞ்சதுக்கு," என்றார். "எது எதுக்குன்னு நீயே கொய்து எடுத்துக்க, பாவி!" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் திரும்பி ஓடினார். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.