உள்ளே ஆள் இருக்கு

“இயந்திரம் பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான்!” என்று கல்லூரி முதல்வர் முழங்கியபோது காலமே ஒரு நொடி நின்று கேட்டது. மாணவர்களுக்குக் கேட்கவில்லை. மைக்கை ஆன் செய்ய மறந்துவிட்டார்.

டயர் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவே செருகிய இரண்டு மாடிக் கட்டடம்தான் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி. கீழே பட்டறை, மேலே வகுப்புகளும் முதல்வர் அறையும். முதல்வரின் எந்தப் பேச்சிலும் ‘தொலைநோக்கு’ என்ற சொல் வந்துவிடுமாதலால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்.

பட்டறையில் ஒரு விதி உண்டு. இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டை டேக் மாட்ட வேண்டும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன், ‘ஸ்பேனர்’ என்று எல்லோரும் கூப்பிட்ட இரண்டாமாண்டு மாணவி, டேக்கை மாட்டிவிட்டு, இரும்புத் தகட்டை அழுத்தும் பெரிய பிரஸ்ஸுக்குள் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். விருந்தினர்களோடு வந்த தொலைநோக்கு, டேக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெருமையாகப் பொத்தானை அழுத்திக் காட்டினார்.

கல்லூரி கொடுத்த அறிக்கையில் ஒரு வரி: ‘டேக் மாட்டாத மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்.’ பட்டறை மாஸ்டர் தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போட்டார்.

இன்று பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி கோப்பை மூட வருகிறார். பத்தரைக்கே அவள் அப்பா, தையல்காரர், வந்து நின்றார்.

“ஐயா, வேற எதுவும் கேக்கல. அந்த ஒரு வரிய எடுத்துடுங்க. மிக்ஸி கழுவுறதுக்கே ப்ளக்கைப் பிடுங்கி, ‘தொடாதே’ன்னு சீட்டு ஒட்டுற பொண்ணுய்யா அவ.”

“பாருங்க பெரியவரே, தொலைநோக்கோட பாத்தா இதெல்லாம் ஒரு பாடம். மனசத் தேத்திக்குங்க.”

பெரியவர் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முதல்வர் டையைச் சரிசெய்ய, அறையை ஒட்டிய கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கிரீஸ் வாடை.

திரும்பினார். கதவின் கைப்பிடியில் சிவப்பு டேக்.

‘உள்ளே ஆள் இருக்கு. நான் கழட்டுற வரைக்கும் தொடாதே. ஸ்பேனர்.’

அதே சாய்ந்த எழுத்து. அந்த டேக்கை அவர் அன்றே சுக்குநூறாகக் கிழித்து, இதே கழிப்பறையில் தண்ணீர் ஊற்றி அனுப்பியிருந்தார்.

டேக்கிலிருந்து நீர் சொட்டியது.

கையை நீட்டினார்.

கீழே பட்டறையில் பிரஸ் இறங்கியது. டம்.

அதற்கு மின்சாரத்தைத் துண்டித்து ஆறு மாதமாகிறது.

மறுபடி நீட்டினார். டம். இந்த முறை சுவருக்கு அந்தப் பக்கம்.

மூன்றாவது முறை, தலைக்கு மேலே. கூரையின் சுண்ணாம்பு தோளில் உதிர்ந்தது.

காதருகே ஒரு மெல்லிய குரல். “சார், யாரு கழட்டினது?”

“நான்... நான்தாம்மா.”

“எழுதுங்க.”

கை துடைக்கும் காகிதத்தில் எழுதினார், கதவடியில் தள்ளினார். அதற்குள் வந்துவிட்டிருந்த அதிகாரி அதை எடுத்து உரக்க வாசிப்பது கேட்டது. “இன்னொரு தரம் வாசிங்கய்யா” என்று பெரியவர் சொன்னதும் கேட்டது.

“சார், வெளிய வாங்க” என்றார் பட்டறை மாஸ்டர்.

“எப்படிய்யா வர்றது? டேக் தொங்குது. அவதான் கழட்டணும்!”

மாஸ்டர் ஒரு விரலால் தள்ளினார். கதவு திறந்துகொண்டது. கைப்பிடியில் ஒன்றுமில்லை. முதல்வரின் சட்டைப் பொத்தானில் ஈரம் சொட்ட ஒரு சிவப்பு டேக் தொங்கியது. அதில் இன்றைய தேதி. விதி விதிதான் என்று யாரும் அதைத் தொடவில்லை.

கதவுக்கு அவர் தாழ்ப்பாளே போட்டிருக்கவில்லை. கால்சட்டை நனைந்திருந்தது.