யோகராஜ் வீடு 2

கம்ப்யூட்டர் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் மூலையில் இருந்த இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கு, யாரோ அதனிடம் வேலை வாங்குகிற மாதிரி விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. சுமலதா வெங்காயம் நறுக்கிய கையோடு நின்று அதைப் பார்த்தாள். மத்தியானம் மூன்று மணிக்கே மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தை மூடுபனி மூடிவிட்டிருந்தது. ஈரக் கம்பளி நாற்றமும், தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தமும் தவிர வெளியே உலகம் என்று ஒன்று இருப்பதற்கு அடையாளமே இல்லை.

டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. நெட் இல்லையென்றால் சோறு இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டாள். பழைய பாஸ்வேர்டு செல்லவில்லை. வழக்கமான வைஃபை பெயர் இருந்த இடத்தில் ‘யோகராஜ் வீடு 2’ என்று இருந்தது.

யோகராஜ் அவள் புருஷன். தலையில் போட்ட தையல்கூடப் பிரிக்காமல், ஏழு வயது மகள் பிரியாவைத் தூக்கிக்கொண்டு கன்னிவாடியிலிருந்து அவள் ஓடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. “எங்க வேணா போ. பிள்ளைய நான் எடுத்துக்கிட்டா அதோட நிழலக்கூட நீ பாக்க முடியாது” என்று அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருந்தான்.

பஜாரில் இன்டர்நெட் ஏஜென்சி வைத்திருக்கும் ஜாசிமுக்குப் போன் போட்டாள்.

“அப்டேட் விட்டிருக்காங்கக்கா. எல்லா வீட்டுப் பொட்டியையும் கம்பெனியே அங்கருந்து மாத்திருச்சு. நல்லதுதானே, பாதுகாப்புக்குத்தான்.”

“இந்தப் பேரு எப்படி வந்துச்சு?”

“அண்ணன் பேருல கன்னிவாடில ஒரு கனெக்‌ஷன் இருக்குல்ல? ஒரே பேருன்னு ரெண்டையும் சேத்துட்டாங்க. புது பாஸ்வேர்டு, இந்த வீட்டு அட்ரஸ், எல்லாம் போன வாரமே அண்ணன் செல்லுக்குப் போயிருக்குமே. சொல்லலையா?”

“என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“கஸ்டமரத்தானக்கா கேப்பாங்க.”

புருஷன் இல்லாதவள் என்றால் வீடு கிடைக்காது என்று, அவன் துபாயில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நெட் கனெக்‌ஷனுக்கு அடையாள அட்டை கேட்டபோது கையில் இருந்தது ரேஷன் கார்டு. குடும்பத் தலைவர் யோகராஜ். “தலைவர் பேர்லயே போட்டுர்றேன்க்கா, வெரசா கெடைக்கும்” என்று ஜாசிம் நல்ல மனதோடுதான் எழுதினான். வேண்டாம் என்றால் ஏன் என்பானே என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஊருக்கே ஒளிந்தவள், தன் கையாலேயே அவன் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். மாசம் தவறாமல் பில்லும் கட்டினாள்.

“அக்கா, உங்க நெட்டுல ஒரு மெஷின் ஓடுறதா இங்க காட்டுது. உங்களுதா?”

“என்னுது உள்ளயே போகல.”

“அப்ப அண்ணனோட லேப்டாப்புதான். சிக்னல் முழுசா இருக்கு. தெருவுக்கெல்லாம் இது எட்டாதுக்கா, வீட்டுக்குள்ளதான்.” ஜாசிம் சந்தோஷமாகச் சிரித்தான். “வந்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா!”

போனை வைத்தாள். வீட்டுக்குள் என்றால் எங்கே? வீடே இரண்டு அறை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிரியாவின் பழைய செருப்பு மட்டும். குளியலறை. காலி. துணி அலமாரி. காலி. ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். வெள்ளை. வெறும் வெள்ளை.

மணி மூன்றே முக்கால். மூன்றரைக்கே பிரியா ஸ்கூலிலிருந்து வந்திருக்க வேண்டும்.

பெட்டி துடித்தது. இன்னும் வேகமாக. எதையோ வாரி வாரி விழுங்கியது.

பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. கூரையில் சொட்டுகிற சத்தம் மட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

பழைய பங்களாவை ஓனர் இரண்டாகப் பிரித்திருந்தார். அந்தப் பாதி சீசனுக்கு வருகிறவர்களுக்கு. இப்போது பூட்டிக் கிடக்க வேண்டும். நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் அந்தப் பக்கம்.

“அம்மா.” கதவுக்கு அந்தப் பக்கம் பிரியாவின் குரல். “நெட்ட ஏம்மா நிறுத்துன? அப்பா எனக்கு கேம் போட்டுக் குடுத்தாங்க. பாதியில போயிருச்சு.”

சுமலதா தரையோடு தரையாகப் படுத்துக் கதவுக்கு அடியில் பார்த்தாள்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி. அங்கே பிரியாவின் ஸ்கூல் ஷூக்கள் இரண்டு. அதற்குப் பின்னால், ஒட்டினாற்போல், பெரிய வெறுங்கால்கள் இரண்டு. அசையாமல். விரல்கள் இந்தப் பக்கம் பார்த்து.